யாருடைய யானை?

போன மாதம் ஊருக்குப் போனேன். மலையடிவாரத்தில் எங்கள் வாழைத் தோட்டம் பாதிதான் நின்றது. மீதி தரையில்!

"யானைங்களாப்பா?"

"ஆமாங் கண்ணு. நின்னு நெதானமா தின்னுபோட்டுப் போயிருச்சு."

யானை வந்தால் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். இந்த முறை யாரும் எதுவும் செய்யவில்லையாம். ஏன்?

"கழுத்துல பெரிய பட்டை கட்டியிருந்துது கண்ணு. உடமைக்காரன் பின்னாலயே வருவான்னு பாத்தோம். 'ஏனுங்க, யானை யாருதுங்க?'ன்னு சத்தம்கூடப் போட்டோம். ஒருத்தரும் வல்லே."

சிரிக்காதீர்கள். கயிறு போட்ட மாடு தோட்டத்தில் மேய்ந்தால் எங்கள் பக்கம் அடிக்க மாட்டோம். பிடித்துக் கட்டி, தண்ணீர் காட்டி, உரியவர் வரும்வரை வைத்திருப்போம். யானையைப் பிடித்துக் கட்ட முடியாது... அதனால் காத்திருந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உலகத்தில் எது புரியாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். விளக்கினேன். அது ரேடியோ காலர். யானை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளப் போடுவது. வெளிநாட்டில் கடல்நாய் முதுகில்கூடக் கருவி ஒட்டுகிறார்கள்.

"அது கடலுக்குள்ள கெடக்குது. யாரு தோட்டத்துல வந்து வாழை திங்குது?" என்றார் அப்பா.

அதைக் கேட்டுவிடலாம் என்று, காலர் போட்ட ஆராய்ச்சியாளரிடமே போனோம். அம்மாவும் வந்தாள். ஊர்க்கோடியில் வாடகை வீடு. சென்னைப் பையன். கையில் டி.வி. ஏரியல் போல ஒன்று, கூடவே காலரின் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி.

"தம்பி, அன்னிக்கு யானை எங்க தோட்டத்துல இருந்தது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும் ஐயா. சிக்னல் நல்லா வந்தது."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா விரட்டுவீங்க. அதோட இயல்பான போக்கு மாறிடும். ஆராய்ச்சியே வீணாயிடும் ஐயா."

அப்பா என்னைப் பார்த்தார். ஆராய்ச்சியாளரும் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. கல்லூரியில் நான் படித்ததெல்லாம் அந்தப் பையன் பக்கம். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது வாழை. மிச்சமிருக்கும் தார்களோ இன்னும் முற்றவில்லை. யானை மறுபடி வந்தால் இந்த வருட வெள்ளாமை அவ்வளவுதான்.

அம்மா மட்டும் குழம்பவில்லை.

"சோத்துக்கு என்ன பண்றீங்க தம்பி?"

"நானே சமைக்கிறேம்மா. பெரும்பாலும் உப்புமா."

"அட சாமி, நெதமும் உப்புமாவா! இனி ராச்சோறு நம்ம ஊட்டுலதான். வந்துபோடோணும், ஆமா."

மறுநாளிலிருந்து வந்தார். ஒரு கையில் சோறு, பக்கத்தில் அந்தப் பெட்டி.

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பா பேசினார். "தம்பி பாதிச் சோத்துல பெட்டியத் தூக்கிட்டு வெளிய ஓடுனாரு. உங்கம்மா பின்னாலயே தகரத்தோட ஓடுனா. யானை வேலிகிட்டயே திரும்பிருச்சு கண்ணு. வாழை தப்பிச்சுது!"

அப்படியானால் ஆராய்ச்சி கெட்டுப்போனதா? அவர் தகவல் கொடுத்ததாக ஆகுமா? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம் — அவர் எங்களிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சோற்றுக்கு மட்டும்தான் திறந்தார்.