கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்.எம்.பி.எஸ்.

எங்கள் சபையில் யார் வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் ஜெபம், அப்புறம்தான் சுவிட்ச். ஃபிரிட்ஜுக்கும் அப்படித்தான், என் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். அதை அசெம்பிள் செய்து கொடுத்த அண்ணாச்சியே அதன் மேல் கை வைத்து ஜெபமும் பண்ணினார். மும்பையில் எங்கள் தாராவியிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர், சபைக்கு மைக் செட்டும் பார்க்கிறவர். அவரிடம் பில் கேட்கக் கூடாது. கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். கேள்வியும் கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.

கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது என் பிழைப்பு. ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்யலாம் என்று கிளம்பியவள். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டிய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கம்ப்யூட்டர் பெட்டியான கேபினெட்டோடு சும்மா வந்தது. தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. மேலே கொட்டை எழுத்தில் 750 வாட் என்று ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, ஸ்டிக்கர்ல எழுதியிருக்கறது முழுசா வருமா? இந்தக் கார்டு ஒண்ணே பாதிய இழுத்துருமே. நல்லதா ஒரு 850 போடுவோமே."

"ஏ தங்கச்சி, வாட்டுன்னா வாட்டுதான். இதுல நல்ல வாட்டு, கெட்ட வாட்டுன்னு இருக்கா? டென்ஷன் மத் லே, கவலப்படாத. நாந்தான போடுதேன்."

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னை அடக்கினார். அண்ணாச்சி போன பிறகு, "நம்ம ஆளுகிட்டப் போயி வக்கீலு மாதிரி கேள்வி கேக்கியே. அவரு மனசு சங்கடப்படாதா?" என்றார். மனசாம் மனசு! என் கார்டு சங்கடப்படப் போகிறதே, அதை யார் கேட்பது?

எனக்கு வந்த முதல் சொந்த ஆர்டர் பாண்டுப்பில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. பிறகு கொஞ்ச நாள் லீவில் வந்தார். திங்கட்கிழமை மறுபடி கிளம்ப வேண்டும். "அக்கா, ஞாயித்துக்கிழமை அப்பா பக்கத்துல உக்காந்து பாக்கணும்," என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டாயம் தருகிறேன் என்றேன்.

எடிட் பண்ணும்வரை மெஷின் சமத்தாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்க ரெண்டர் போட்டால்தான் கார்டும் பிராசஸரும் முழு மூச்சாகக் கரண்டை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"தாராவி கரண்ட்டு அப்படித்தான் தங்கச்சி. வோல்டேஜ் ஏறி எறங்குதுல்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கரண்டில்தான் கீழ் வீட்டில் தையல் மெஷின்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. என் தலைக்கு மேல் ஃபேன் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. எது கெட்டாலும் தாராவி தலையில் கட்டுவது ஊருக்கு வழக்கம், சரி. தாராவியில் கடை வைத்துப் பிழைக்கிறவருமா? அடுத்த தடவை, "ரொம்ப ஓட்டாத, ரெஸ்ட்டு குடு," என்றார். பூ வைத்துக் கும்பிடவா நான் மெஷின் வாங்கினேன்?

சனிக்கிழமை காலை, முக்கால்வாசி ரெண்டரில் டப்பென்று ஒரு சத்தம். கருகிய நாற்றம். ரயில் பிடித்து லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய், நல்ல 850 ஒன்றைப் பில்லோடு வாங்கி வந்து நானே மாட்டினேன். பேச்சு மூச்சில்லை. அந்தச் சனியன் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. கல்யாணக் காட்சிகள் இருந்த டிஸ்க் மட்டும் பிழைத்தது. பழைய ஸ்டுடியோவில் கெஞ்சிப் பார்த்தேன். கல்யாண சீசன், ஒரு மெஷினும் காலியில்லை.

ஞாயிறு மதியம் டிஸ்கோடு நானும் என் வீட்டுக்காரரும் பாண்டுப் போனோம். வெட்டாத ஃபைல்களையாவது போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டு டிவி அவற்றைத் திறக்கவே இல்லை. பெண்ணின் அப்பா சலவைச் சட்டை போட்டு, டிவிக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மகள். அப்பாவை வழியனுப்ப வைத்த விருந்துக்கு அண்ணாச்சியும் வந்திருந்தார். சரி, சாப்பிடலாம் என்று அவரையே ஜெபம் பண்ணச் சொன்னார்கள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட மெஷின்ல சாத்தான் கொண்டுவந்த தடைகள..."

ஆமென் சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சாத்தான் மேல பழியப் போடாதீங்க அண்ணாச்சி. அவனா வந்து அந்த டப்பாவ மாட்டுனான்? நீங்கதான் மாட்டுனீங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல மாட்டுனீங்க."

"ஏட்டி, வாய மூடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"மூடுனதுனாலதான் இந்தக் கதி!"

பெண்ணின் அப்பாதான் எழுந்து வந்தார். "விடும்மா, பரவால்ல. அடுத்த லீவுல பாத்துக்கிடுதேன்," என்றார். அவர் என்னைத் தேற்றுகிறார்! நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட என் ஆத்திரம் ஆறியிருக்கும். மறுநாள் கப்பலுக்குப் போய்விட்டார்.

புது போர்டு போட்டேன். 850 இருந்ததால் படம் ஒரே மூச்சில் ரெண்டர் ஆனது. பெண்ணிடம் கொடுத்தும் விட்டேன். போன வாரம் அவளை ஸ்டேஷனில் பார்த்தபோது, படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் பாக்கலக்கா," என்றாள். "அப்பா வரட்டும்."