கதவில் எழுதிய பதினொன்று

1966-ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பம்பாய் தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டு வாசலில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் மெட்ரிக் தேறியவள் நான். பக்கத்து மாதுங்காவில் டைப்பிஸ்ட் வேலை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் கோபத்தில் படித்தவள். எட்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலானபோது அந்த மார்க்கை நானே சாக்பீஸால் எங்கள் கதவில் எழுதி வைத்தேன். குழாயடிக்குப் போகிற எல்லோர் கண்ணிலும் அது படும். "தோல் கிடங்குக்காரன் மவளுக்கு எதுக்குட்டி படிப்பு?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்கக் கேட்க எனக்கு வெறி ஏறும். அடுத்த பரீட்சையில் தேறிய பிறகுதான் அதை அழித்தேன்.

என் தங்கை வேறு மாதிரி. சாயங்காலம் அப்பா தோல் பதனிடும் கிடங்கில் வேலை முடிந்து வந்து, சுண்ணாம்பில் வெடித்த கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு என்ன தாயி படிச்ச? எனக்கும் சொல்லு" என்பார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவள் சரித்திரப் பாடத்தைக் கதையாகச் சொல்லுவாள். "அந்த ராசா பெறகு என்ன ஆனான்?" என்று கேட்பார். தெரியாவிட்டால் மறுநாள் டீச்சரிடம் கேட்டுவந்து சொல்லுவாள். அதற்காகத்தான் அவள் படித்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்தாம் வகுப்பின் முதல் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்குப் பதினொரு மார்க் வாங்கினாள். "கதை சொன்னது போதும்" என்று அப்பாவின் எதிரிலேயே சொல்லிவிட்டு, அவள் பெயரையும் பதினொன்றையும் கதவில் பெரிதாக எழுதினேன். அப்பா தடுக்கவில்லை. படித்த மகள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் குழாயடியில் அதே அத்தை, "ஏட்டி பதினொண்ணு, குடத்த நகத்து" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் பின்னால்தான் நின்றிருந்தேன். ரோஷம் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் எங்கள் சந்தில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் பையை எடுக்கவில்லை. திட்டினேன். பிறகு கெஞ்சினேன்.

"உனக்குக் கோவம் வந்தா படிப்பு வருதுக்கா. எனக்கு அழுகதான் வருது. என்னை விட்டுரு."

ஈரத்துணியால் கதவைத் துடைத்தேன். அப்பாவிடம் போய், பழையபடி அவளைக் கேளுங்கள் என்றேன். அன்று சாயங்காலம் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, "ஏதாவது சொல்லு தாயி" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போகிறாள். வேலை முடிந்து வந்து, அப்பாவைப் போலவே அவளும் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் ஒருநாள் அப்பாவின் அருகில் உட்கார்ந்து ஏதோ ஒரு ராஜாவின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்ன ஆனான் என்று மட்டும் கேட்கவில்லை.

என்னைப் படிக்க வைத்த ரோஷம்தான் எல்லோரையும் படிக்க வைக்கும் என்று நம்பிய என் படிப்பை நினைத்தால், அந்தக் கதவைத் திறந்து உள்ளே போக இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.