எரிந்த எண்ணெயின் வாடை

தொழில் எந்தப் புலனில் குடியிருந்ததோ அந்தப் புலனே போன பின், ஒருவரிடம் மிஞ்சுவது என்ன?

பட்டறையில் அவரை மோப்பக்காரர் என்பார்கள். பழைய பெரிய ஜீப்புகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் அவர் வேலை. கியர்பாக்ஸின் எண் தகடு துருவேறியிருந்தாலும், வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தட்டைத் தடவி, போல்ட்டுகளை எண்ணி, எந்த வகை என்று சொல்லிவிடுவார். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது மூக்கு. ஆயில் குச்சியை உருவி முகர்வார். எண்ணெய் வெறுமனே கறுத்திருந்தால் மாற்றலாம். எரிந்த வாடை வந்தால் தொடக்கூடாது. உள்ளே கிளட்ச் பட்டைகள் தேய்ந்து, அந்தத் தூள்தான் மிச்சப் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது எண்ணெய் ஊற்றினால் அதுவும் போகும்.

ஒரு காய்ச்சலில் மூக்கு செத்துப்போனது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டார்.

தங்கையின் கணவர் வண்டியோடு வந்தார். வாரம் மூன்று நாள் மேட்டுச் சாலை ஏறி, தங்கையை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் வண்டி.

“எண்ணெய் கறுத்துடுச்சு மச்சான். மாத்திடலாமா?”

குச்சியை மூக்கருகே வைத்து, வழக்கம்போல் கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை.

“எரிஞ்ச வாடை இல்ல மாப்ள. மாத்தலாம்.”

“உங்க மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்.”

எண்ணெய் மாற்றிய மூன்றாம் நாள், மேட்டின் பாதியில் எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. அன்றைய சிகிச்சை தவறியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது தங்கையின் முகம் வீங்கியிருந்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

“இருபத்திரண்டு வருஷ வண்டிண்ணே. நீ என்ன பண்ணுவ?”

“மச்சான் மூக்கு தப்பாது. இது வேற ஏதோ கோளாறு” என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. வாயைத் திறந்தார். “வண்டியை இழுத்துட்டு வாங்க” என்பது மட்டும்தான் வந்தது.

அவருடைய சொந்த ஜீப் பட்டறை வாசலில் நின்றது. அடியில் படுத்து விரலால் எண்ணினார். பதினேழு போல்ட், அதே தட்டு. அதன் கியர்பாக்ஸைக் கழற்றித் தங்கை வண்டியில் மாட்டினார்.

“அப்போ உங்க வண்டி மச்சான்?”

“நடந்தா தொப்பை குறையும்.”

அதன்பிறகு எந்த வண்டி வந்தாலும் குச்சியை உருவி, துடைக்காமல் சொந்தக்காரரிடமே நீட்டினார்.

“நீங்களே மோந்து பாருங்க.”

ஏன் என்று மாப்பிள்ளை இரண்டு முறை கேட்டார். அவர் குனிந்து போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.