மூடியின் உட்புறம்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. ரயிலேற்றிவிட அக்காவைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

“பெரியவளை எங்கே காணோம்?” என்று மாமா கேட்டார்.

அப்பா என் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, “அவளுக்கு இன்னிக்கு இன்டர்வியூ” என்றார். அம்மா தண்டவாளத்தைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் அக்கா கடைவீதியிலுள்ள மூன்று மாடிச் செருப்புக் கடையில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, குட்டை முக்காலியில் உட்கார்ந்து யாருடைய காலையோ அளந்துகொண்டிருந்தாள். வேலையில் அவளுக்கு அது முதல் நாள்.

அக்கா புள்ளியியல் பட்டதாரி. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர் அப்பா. அவர் பள்ளிக்கூடக் குமாஸ்தா. முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளின் சான்றிதழ்களில் அழகான கையெழுத்தில் பெயர் எழுதியவருக்குத் தன் வீட்டுச் சுவரில் ஒன்று தொங்குவது பெரிய விஷயம். யார் வந்தாலும் அதற்கு நேரெதிர் நாற்காலியில்தான் உட்காரவைப்பார்.

ஒன்றரை வருஷம் விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் வராமல்தான் அக்கா கடைகளில் கேட்கப் போனாள். முதல் இரண்டு கடைகளிலும் பட்டத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். “படிச்சவங்க மூணு மாசத்துல பறந்துடறீங்கம்மா. பழக்கிவிட்டு நாங்கதான் அவதிப்படறோம்.” மூன்றாவது கடையின் படிவத்தில் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டாள். மறுநாளே சட்டை அளவு கேட்டார்கள்.

ஆக, அக்கா கடைக்குத் தெரியாமல் பட்டத்தை ஒளித்தாள். அப்பா சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் கடையை ஒளித்தார்.

அந்தக் கடைவீதிப் பக்கமே அப்பா போவதில்லை. அவருக்கு முறம் மாதிரி அகலமான பாதம். இரண்டு பஸ் மாறி எங்கோ போய், சுண்டுவிரலைக் கடிக்கிற ஷூவை வாங்கிவந்து, வீட்டில் நொண்டுவார்.

“ஒரே ஒரு தடவை வந்து எனக்கு முன்னாடி உட்கார்ந்து காலை நீட்டினாப் போதும்டி, எனக்கு வேற எதுவும் வேண்டாம்” என்று அக்கா போனில் சொல்வாள். நான் ஏதோ ஒரு விடுதி மாடியில் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு வேலை பிடித்துப்போனதுதான் வேடிக்கை. வாசலில் நுழைகிற நடையைப் பார்த்தே அளவைச் சொல்வாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. விற்றுப்போனதை பில் போடும் மெஷின் குறித்துக்கொள்ளும். கேட்டும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினவர்களை யார் குறிப்பது? அவளே குறிக்க ஆரம்பித்தாள். நோட்டுப் புத்தகத்தோடு நின்றால் திட்டு விழும் என்று, கிழிந்துபோன ஒரு பெட்டியின் மூடியை எடுத்து அதன் உட்புறத்தில் எழுதினாள். ஒவ்வொரு “இல்லைங்க”வுக்கும் ஒரு கோடு. நான்கு மாதத்தில் கோடுகள் வரைபடமாயின, பக்கத்தில் சூத்திரங்களும் முளைத்தன.

ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், அவசரத்தில் அந்த மூடியையே ஒரு பெட்டிக்குப் போட்டு விற்றுவிட்டாள்.

திங்களன்று ஒரு பெண்மணி பெட்டியோடு வந்தார். “ஷூ நல்லாத்தான் இருக்கு. உள்ளே ஏதோ பரீட்சைப் பேப்பர் இருக்கே, யாராவது தேடுவாங்களோன்னு கொண்டுவந்தேன்.”

மூடி மேற்பார்வையாளர் கைக்குப் போனது. விவகாரமாக எதைப் பார்த்தாலும் அவர் உதடு குவியும், அதனால் கடையில் அவருக்கு ‘விசில்’ என்று பெயர்.

“யார் போட்டது இது?”

பெயர் எதுவும் அதில் இல்லை. அக்கா பேசாமல் நின்றிருக்கலாம்.

“நான்தான் சார்.”

“பள்ளிக்கூடத்தோட நின்ன பொண்ணு போட்ட கணக்கா இது? எங்கம்மா படிச்ச?”

சொல்லிவிட்டாள். விசில் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிக்காதவங்க படிச்சதாப் பொய் சொல்லிப் பார்த்திருக்கேன். நீ தலைகீழா வந்து நிக்கிற. வீட்டுக்குப் போ, மேலே கேட்டுச் சொல்றேன்.”

நான்கு நாள் தகவல் இல்லை. அப்பாவுக்கு நிம்மதி. “நல்லதாப் போச்சு. இதுக்கா உன்னைப் படிக்கவெச்சேன்?”

“படிச்சதாலதான்ப்பா மாட்டிக்கிட்டேன்” என்றாள் அக்கா. அம்மா சிரித்துவிட்டாள், அப்பா சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள், யாரும் கூப்பிடாமலே, நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்த நான்கு நாளில் ஒன்று தெளிவாகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். வேறு வழியில்லாமல் போன இடம்தான் அது. ஆனால் இப்போது அவர்களே விரட்டினாலும் போக மனசில்லை.

விசில் அவளைப் பார்த்ததும் கிடங்குக்கு நடந்தார். அங்கே விற்காமல் தங்கிப்போன ஒல்லிப் பாத ஷூக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூடியை நீட்டினார். “இந்தக் கோடெல்லாம் அகலப் பாதம்தானா?”

“ஆமா சார். பெண்களுக்கு ஆறாம் நம்பர், ஆண்களுக்கு எட்டாம் நம்பர். தினம் நாலு பேராவது திரும்பிப்போறாங்க.”

“படிவத்தைத் திருத்தி எழுதிக் கொடு. அடுத்த சரக்கு எது எவ்வளவுன்னு நீயே சொல்லு. அதுக்காக முக்காலியை விட்டுடாதே, சனிக்கிழமை ஆள் பத்தாது.”

நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது முதலில் அந்தக் கடைக்குத்தான் போனேன். கொள்முதல் முழுக்க அக்கா பொறுப்பில் வந்திருந்தது. அப்போதும் ஒரு கிழவரின் காலடியில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். என் கால்களைப் பார்த்து, “உலகத்தையே சுத்திட்டு இந்தக் கந்தலோடயாடி வந்தே?” என்றாள். பட்டம் வாங்கியவள் இங்கே உட்காரலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “உட்கார்ந்ததாலதானே அந்தக் கோட்டைப் போட முடிஞ்சது. ஆனா நல்ல வேலை கிடைச்சா யார் வேணும்னாலும் போகட்டும், நான் தடுக்கமாட்டேன்” என்றாள்.

வீட்டில் அப்பா அப்போதும் நொண்டிக்கொண்டுதான் இருந்தார். மாமாவைப் பொறுத்தவரை அக்கா ‘ஒரு ஆபீஸில்’ இருந்தாள்.

நான் மறுபடி வெளியூர் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. போன வாரம் அக்கா, அப்பா தனக்கு அனுப்பிய செய்தியை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். குமாஸ்தா எழுத்து, ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

“ஆண்கள் காலணி, கறுப்பு, எட்டாம் எண், அகலமானது இருப்பில் உள்ளதா எனத் தெரிவிக்கவும். ஞாயிறு காலை நேரில் வருகிறேன். உன் மாமாவையும் அழைத்து வருகிறேன்.”