ஒட்டாத ரோல்

அண்ணி அனுப்பும் ஒவ்வோர் உறையிலும் வாடிக்கையாளர் கேட்காத ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். இஸ்திரி போட்டால் துணியில் ஒட்டிக்கொள்ளும் வினைல் தாளில், மீந்துபோன துண்டில் வெட்டியது, கட்டைவிரல் நகம் அளவுதான். "முதலில் இதைப் பழைய துணியில் ஒட்டிப் பாருங்கள், சரியாக வந்தால் சட்டையில் ஒட்டுங்கள்" என்று ஒரு துண்டுத்தாளும் கூடவே போகும். இஸ்திரிப் பெட்டியின் சூடு வீட்டுக்கு வீடு மாறும், ஆசையாக வாங்கிய சட்டை நம்மால் கெடக்கூடாது என்பது அவருடைய கட்சி. எனக்கோ அந்த நட்சத்திரங்களைப் பொறுக்கிப் போடுவது பெரிய தொல்லை. சனிக்கிழமைதோறும் என் வீடு இருக்கும் மார்சிலிங்கிலிருந்து அண்ணி வீடு இருக்கும் பிடோக் வரை ரயிலில் போய், சம்பளமில்லாமல் பொட்டலம் கட்டியவள் நான். முணுமுணுக்கும் உரிமையாவது எனக்கு வேண்டாமா?

பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராக இருந்தபோது, பிள்ளைகளின் சட்டையில் பெயர் ஒட்டித் தரத் தொடங்கினார் அண்ணி. கைபேசி வழியாக ஆள்விட்டு ஆள் பரவி, அது வீட்டுத் தொழிலாகிவிட்டது. பிரிண்டர் மாதிரி இருக்கும் வெட்டு இயந்திரம் சாப்பாட்டு மேசையில் குடியேறியதால், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். வெட்டிய எழுத்தைச் சுற்றி இருக்கும் வேண்டாத வினைலை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். எழுத்து மட்டும் ஒரு கண்ணாடித்தாளில் ஒட்டியபடி நிற்கும். மடங்காமல் இருக்க, பிஸ்கட் பெட்டியிலிருந்து நறுக்கிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். லெட்டர் பாக்ஸ் வாயின் அளவுக்கு ஓர் அட்டையில் துளை போட்டு வைத்திருந்தார் அண்ணி. அதில் நுழையாத உறையைப் பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். பருமனாக இருந்தால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், வாங்கியவர் அஞ்சலகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கா காசு கொடுத்தார்கள் என்று கேட்பார்.

வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்துகளைக் கணினியில் இடம்வலமாகத் திருப்பிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கண்ணாடியில் தெரிகிற எழுத்து மாதிரி இருக்கும். துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போடும்போது நேராகிவிடும். இதை மறந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். அண்ணி ஒருநாளும் மறந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. அண்ணன் சோபாவுக்குப் போனார். ஆரம்பத்தில் விண்ணப்பம், நேர்காணல் என்று அலைந்தார். போகப் போக அதுவும் நின்றது. சவரம் செய்வதை விட்டார். கீழே காப்பிக் கடையில் நண்பர்கள் விசாரிப்பார்களே என்று அங்கே போவதையும் விட்டார். முப்பது பேரை அதட்டி வேலை வாங்கிய சூப்பர்வைசர், தொலைக்காட்சியில் ஒலியைக் கூட்டச் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. "அவர் கத்தினாக்கூட பரவாயில்லை. பேசாம இருக்காரு பாரு, அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார் அண்ணி, பொட்டலம் கட்டிக்கொண்டே. இந்த மனிதர் எப்போது எழுந்திருப்பார் என்பதைத் தவிர அந்த வீட்டில் எங்களுக்கு அப்போது வேறு கவலை இல்லை.

தைப்பூசம் நெருங்கிய நேரம். கிராஞ்சி விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் சிலர் சேர்ந்து பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தார்கள். தேக்கா கடைகளில் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை வாங்கிவிட்டார்கள். முதுகில் ஒட்டத் தங்கள் ஊர்ப் பெயரும் வேலும் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். அண்ணி எல்லாவற்றையும் கணினியில் தயாராக வைத்து, வினைல் ரோலையும் மாட்டிய நேரத்தில், அவருடைய அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தது. போட்டது போட்டபடி ஓடினார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் மேசை சுத்தமாக இருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் வெட்டி, கிள்ளி, அட்டை வைத்துக் கட்டி, தபாலிலும் சேர்த்துவிட்டு, முகம் மழித்து உட்கார்ந்திருந்தார். "தினம் நீ செய்றதைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இதென்ன பெரிய வேலையா லா?" என்றாராம். சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே போனாராம். அண்ணி எனக்குப் போன் செய்து அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

இரண்டொரு நாள் கழித்து நானும் அண்ணியும் தேக்கா சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். அண்ணியின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் சட்டையின் முதுகில் வேல் அழகாக இருந்தது. அதன் கீழே ஊர்ப் பெயர் முழுக்க இடம்வலமாகத் திரும்பி இருந்தது. கூடவே அந்தத் தம்பியின் குரல். "அக்கா, நட்சத்திரம் நல்லா ஒட்டுச்சு. அதை நம்பி ஒரு சட்டையில போட்டேன், எழுத்து இப்படி வந்திருக்கு. மிச்சத்தைத் தொடலை. பூசத்துக்கு முன்னாடி ஏதாவது பண்ண முடியுமா?" நட்சத்திரமும் வேலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். எழுத்து அப்படியில்லையே.

அண்ணன் வெட்டும்போது என்ன நடந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் அங்கேயே புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையை அழுத்திப் பிடித்தார். வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம், "அந்த ரோல் பழசுங்க. துணியில ஒட்டவே மாட்டேங்குதாம். நான்தான் பாக்காம மாட்டி வெச்சிட்டேன்" என்றார். அண்ணன் பெரிய மனதோடு, "பரவாயில்ல விடு, வேற ரோல்ல வெட்டு. நான் பேக் பண்றேன்" என்றார்.

இந்தமுறை தபாலை நம்ப நேரமில்லை. நானும் அண்ணியும் கிராஞ்சிக்குப் பேருந்துக்காக வெயிலில் நெடுநேரம் நின்று போய்ச் சேர்ந்தோம். கெட்டுப்போன சட்டைக்குப் பதிலாக வாங்கிய புதுச் சட்டையையும் பொட்டலத்தையும் விடுதி வாசலில் கொடுத்தார் அண்ணி. "என் தப்புதான் தம்பி. அவசரத்துல கவனிக்கலை. மன்னிச்சுக்கங்க" என்றார். அந்தத் தம்பிக்குக் கூச்சமாகிவிட்டது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணன்கிட்ட சொன்னா என்ன அண்ணி? குழந்தையா அவரு?" என்று கேட்டேன். அண்ணி கோபமாகத்தான் பதில் சொன்னார். "இத்தனை மாசம் கழிச்சு அந்த மனுஷன் தானா எழுந்து ஒரு வேலை செஞ்சிருக்காரு. அதுவும் தப்புன்னு நான் போய்ச் சொல்லணுமா? சொன்னா மறுபடி எழுந்திரிப்பாரா? நீயும் சொல்லக்கூடாது." நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கட்டுவதும் தபாலில் சேர்ப்பதும் அண்ணனின் பொறுப்பாயின. கணினியை மட்டும் அண்ணி அவரைத் தொடவிடவில்லை. வெட்டி முடித்ததை மேலிருக்கும் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் எழுத்து நேராகத்தான் தெரியும். அதனால் திருப்பி வெட்டும் விஷயமே அண்ணனுக்குத் தெரியாமல் போயிற்று. உறையும் கையுமாக அலைந்த தைரியத்தில் மறுபடி வேலை தேடினார். ஒரு கிடங்கில் கிடைத்தது, இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

அண்ணி போன வருடம் காலமானார். சென்ற மாதம் இயந்திரத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அண்ணன் கூப்பிட்டார். இருவருமாக மேசையை ஒழித்துக்கொண்டிருந்தோம். தான் அடுக்கிவைத்த ரோல்களைப் பார்த்தபடி அண்ணன் பேச ஆரம்பித்தார்.

"உன் அண்ணி வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. அந்தக் கிராஞ்சிப் பசங்க ஆர்டர்லதான் கொஞ்சம் தடுமாறிட்டா. ரோல் மட்டும் இல்ல. எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டு வெச்சிருந்தா தெரியுமா? என்னைப் பத்தின கவலை, பாவம். நான்தான் நேராக்கி வெட்டினேன். கடைசி வரைக்கும் அவகிட்ட நான் அதைச் சொல்லவே இல்லை. சொன்னா மனசு கஷ்டப்படுவா, இல்ல?"

கையிலிருந்த ரோலைப் பெட்டியில் வைத்துவிட்டு, "ஆமாண்ணே, சொல்லாம இருந்ததே நல்லது" என்றேன்.