திரைக்குப் பின்னால் பார்த்த படம்

எழுபதுகளின் தொடக்கம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் பண்ணையில் கூலி வேலைதான். பிள்ளைகளே, இது உங்கள் அம்மாவைப் பற்றியது. கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். அதனால்தான் அஞ்சாம் வகுப்பு வரை படித்த நான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் சம்பா நடவின்போது மெட்ராஸிலிருந்து நாலு பேர் ஜீப்பில் வந்தார்கள். நெல் விளைவதைப் பற்றி சர்க்காருக்காகப் பத்து நிமிஷப் படம் எடுக்கிறார்களாம். ஒருவர் முழங்கால் சேற்றில் மண்டியிட்டு, கேமராவைத் தண்ணீரை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கள் பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டே பின்னால் நகர்வதை எடுத்தார். "கேமராவைப் பாக்காதீங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வரிசையில் மூன்றாவது ஆள் உங்கள் அம்மா.

அறுவடை வந்தது. கூடவே கூலிச் சண்டையும் வந்தது. நாங்கள் கொடி பிடித்துக் கூட்டம் போட்டோம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார்கள். மதகடியில் போலீஸ் வேன் நின்றது. எப்படியோ அறுப்பு முடிந்தாலும் மிராசுதார்கள் இருந்த பெரிய தெருவும் எங்கள் தெருவும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் ஊராகப் படம் காட்டும் சர்க்கார் படவண்டி வந்தது. நம் ஊரில் எடுத்த படத்தை நம் ஊரிலேயே போடப்போகிறார்கள் என்று தமுக்கடித்தார்கள். பெரிய தெரு முனையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்கள் போவதற்குள் அதன் முன்னால் குறுக்கே ஒரு கயிறும் கட்டியாகிவிட்டது. பெரிய தெருக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், படம் போடும் மிஷினோடு இருந்தார்கள். நாங்கள் துணிக்குப் பின்னால் இருந்த களத்தில் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்தோம். துணி மெல்லிசு என்பதால் படம் இந்தப் பக்கமும் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் படம் ஓடியது. கலர்ப் படம். பேச்சே கிடையாது, மேளமும் தண்ணீர்ச் சத்தமும்தான். நாற்றின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர், துணி முழுக்க அது ஒன்றுதான். அந்தச் சொட்டுக்குள் ஒரு கொக்கு பறந்தது. அப்புறம் எங்கள் பெண்கள் வந்தார்கள். வயல் தண்ணீரில் வானம் அப்படியே விழுந்திருந்ததால், மேகத்துக்குள் கையை விட்டு நாற்று ஊன்றுகிற மாதிரி இருந்தது. தினமும் மிதிக்கிற சேறு இவ்வளவு அழகா என்று தோன்றியது எனக்கு.

அப்போது பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ஏண்டி, ஒனக்கு எப்பலேருந்து பீச்சாங்கையால நடுற பழக்கம்?"

பார்த்தால் உங்கள் அம்மா மட்டுமல்ல, வரிசை முழுக்க இடது கையால் நட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போடுகிற பயிரை இடது கையால் யாராவது ஊன்றுவார்களா?

"ஊரு ஒலகமெல்லாம் பாக்கப் போவுதே. இந்தக் கையாலயா நட்டாளுவன்னு கேக்க மாட்டாங்க?" என்றாள்.

படத்தின் பெயர் வந்தபோதே எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி வந்ததை நான் கவனித்திருந்தேன். "தப்பு படத்துல இல்ல. நாம பின்னால உக்காந்திருக்கோம், அதான்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப முன்னால போயிப் பாத்தா சரியா இருக்குமா?"

"இருக்கும்."

அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து, வம்பு வேண்டாம், உட்கார் என்றேன். முந்தானையை உருவிக்கொண்டு நடந்தாள். கூலிக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டவன் நான். அன்றைக்கு என் கால் நகரவில்லை. துணியின் ஓரமாக எட்டித்தான் பார்த்தேன்.

அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து மிஷின் பக்கத்தில் போய் நின்றபோது படம் முடிந்துவிட்டது.

"அய்யா, அதுல மூணாவதா நடுறது நாந்தாங்க. மத்தவங்க அந்தாண்ட களத்துல இருக்காங்க. அங்கேருந்து பாத்தா எங்க கையே மாறித் தெரியுதுங்க. எங்க கையை நாங்க சரியாப் பாக்க வேணாமுங்களா? இன்னொரு தடவை போடுங்க. அவங்களும் இந்தப் பக்கம் வரட்டும்."

மிஷின்காரர் படத்தைச் சுருளில் திருப்பிச் சுற்றினார். சுற்றி முடித்தும் மிஷின் விளக்கைப் போடாமல், முன்வரிசை நாற்காலியில் இருந்த பண்ணையாரையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருப் பிள்ளைகள் படம் போடச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். பண்ணையார் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "கயித்த அவுருங்கடா. வரச் சொல்லுங்க."

பெண்கள்தான் முதலில் வந்தார்கள். ஆண்கள் அப்புறம். கடைசியாக வந்தவன் நான். எழுந்து வீட்டுக்குப் போன தெருக்காரர்களும் உண்டு. மீதிப் பேர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். மறுபடி மேகத்துக்குள் நடவு நடந்தது. இந்த முறை இடது கையில் நாற்றுமுடி, வலது கையில் நடவு. "பாத்தியாடி, சோத்தாங்கைதான்" என்று உங்கள் அம்மா அந்தப் பரிகாசக்காரியை இடித்துச் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது. எனக்கு அப்போது தோன்றிய பெருமையை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. என் பயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே.

அந்தப் படத்தால் கூலிச் சண்டை தீர்ந்துவிடவில்லை. அதற்கு இன்னும் இரண்டு அறுவடை ஆனது. ஆனால் அதற்குப் பிறகு படவண்டி எத்தனையோ முறை வந்தும் யாரும் கயிறு கட்டவில்லை.

இப்போது பஞ்சாயத்து டி.வி.யில் நிகழ்ச்சிகளுக்கு நடுநடுவே குட்டிக் குட்டிப் படங்கள் காட்டுகிறார்கள். மலை, மீன், நெசவு, பனி என்று கண்ணை எடுக்க முடியாத அழகு. நீங்கள் வாய் பிளந்து பார்க்கிறீர்கள், நானும்தான் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு படம் முடியும்போதும், இதில் வேலை செய்கிறவர்கள் இதை முன்னால் உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்றுதான் என் மனசு முதலில் கேட்கிறது.