கப்பலில் அம்மா வாங்காத ஜூஸ்

மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஆள் நான். முதல் போனஸ் வந்ததும் கெத்தாக அம்மாவைச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனேன். போவதற்கு முன்பே ஸ்டேட்டஸ் போட்டு அலப்பறை வேறு.

மூன்று வேளை பஃபே டிக்கெட்டிலேயே சேர்த்தி. மற்றதெல்லாம் ரூம் கார்டில் ஏறும், இறங்கும்போது கட்ட வேண்டும். கூல்டிரிங்ஸ் விலையைப் பார்த்தே மிரண்டுவிட்டேன்.

"பஃபே தவிர எங்கயும் கார்டை நீட்டாதம்மா. மொட்டை அடிச்சிடுவானுங்க."

அம்மாவுக்குச் சுகர். சுகர் இறங்கினால் தின்ன எப்போதும் பையில் இருக்கும் பிஸ்கட்டையும் வீட்டிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். கப்பலில் அதைத் தின்றால் மானம் போய்விடுமாம் எனக்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் நீச்சல்குளத்தில் இருந்தேன். பஃபே மூடியிருந்தது. அம்மாவுக்குச் சுகர் இறங்கிக் கை நடுங்கியிருக்கிறது. ஜூஸ் கடைவரைக்கும் போனவர், கார்டு கேட்டதும் திரும்பிவிட்டார். படிக்கட்டில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல்.

"இன்னாத்துக்கும்மா வாங்காம வந்த?"

"நீதான்டா கண்ணு வேணான்ன. உன் காசு, எனக்கு இன்னா தெரியும்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் அம்மாவின் டீக்கும் ஜூஸுக்கும்தான் முதலில் பணம் ஒதுக்குகிறேன், அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொள்கிறார், செலவு செய்வதில்லை. போன வாரம் பங்காருபேட்டை ஸ்டேஷனில் டீ வாங்கி நீட்டினேன்.

"எவ்ளோடா இது?"

சொன்ன பிறகுதான் வாயில் வைத்தார்.